சுவரொட்டியை வரைந்த கைகள்

(திரைப்பட விளம்பரக் கலையைப் பற்றி மயிலாப்பூரில் உழைப்பாளி நண்பர்கள் முன்னால் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப் போவது சினிமா நட்சத்திரங்களைப் பற்றி அல்ல. அவர்களைப் பற்றிப் பேசப் பத்திரிகைகள் ஏராளமாக இருக்கின்றன. படம் கொட்டகைக்கு வருவதற்கு முன்பே நம் தெருவுக்கு வந்துவிடுகிற சுவரொட்டியைப் பற்றியும், படம் தொடங்கும்போது திரையில் ஓடுகிற பெயர் வரிசையைப் பற்றியும், அவற்றை வரைந்த கைகளைப் பற்றியும் பேசப் போகிறோம்.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். பெரிய விஷயம்தான். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று ஒரு தொழிலாளி சைக்கிளை மிதிக்கிறார். நாற்று நடப் போகும் தாய் ஒருத்தி வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிறாள். இவர்கள் யாரும் ஓவியக் கண்காட்சிக்குப் போனதில்லை. போக நேரமும் இல்லை. அவர்களை யாரும் அழைத்ததும் இல்லை. ஆனால் காசு கொடுக்காமல் ஒரு சித்திரத்தைத் தினந்தோறும் பார்க்கிறார்கள். மைதாப் பசை இன்னும் காயாத சினிமாச் சுவரொட்டிதான் அது. நம் நாட்டு உழைப்பாளி மக்களின் ஓவியக்கூடம் தெருச் சுவர்தான். அந்தக் கூடத்தில் வேலை செய்தவர் யார், எப்படிச் செய்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்க நம்மைவிட உரிமை உள்ளவர் யார்?

முறுக்கு விற்ற நேரம்

முதலில் பெயர் வரிசையை எடுத்துக்கொள்வோம். டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவதும், முறுக்குக்காரரைக் கூப்பிடுவதும், முன்னால் இருப்பவரைத் தலையைக் குனியச் சொல்வதும் பெயர் ஓடுகிற நேரத்தில்தான். ‘இன்னும் எழுத்துத்தான் ஓடுகிறது, மெதுவாக வா’ என்று வெளியே நிற்பவரிடம் சொல்வோம். அந்த எழுத்தில் ஓடியது நூறு பேருடைய உழைப்பு என்பது நமக்கு அப்போது தோன்றவில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. பெயர்கள் ஓடும்போது பல கொட்டகைகளில் திரைச்சீலையைக்கூட விலக்க மாட்டார்கள். மூடிய சீலை மேலேயே எழுத்து ஓடி முடிந்துவிடும். 1955இல் ஒரு மாறுதல் வந்தது. நியூயார்க்கில் பிறந்த சால் பாஸ் என்ற விளம்பர ஓவியர், போதை மருந்துக்கு அடிமையான ஒரு மனிதனைப் பற்றிய ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ என்ற படத்துக்குப் பெயர் வரிசை அமைத்தார். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் நகர்கின்றன. கடைசியில் அவை முறுக்கிக்கொண்ட ஒரு கையாக மாறுகின்றன. ஊசி குத்திக் குத்திக் கெட்டுப்போன கை அது. ஒரு வசனம் பேசுமுன்பே படத்தின் துயரம் முழுவதும் பார்ப்பவர் மனத்தில் ஏறிவிடுகிறது. அதே கைதான் சுவரொட்டியிலும் வந்தது. திரைச்சீலையை விலக்கிவிட்டுத்தான் பெயர்களை ஓட்ட வேண்டும் என்று, படச்சுருள் போன பெட்டிகளில் ஆப்பரேட்டர்களுக்குக் குறிப்பு எழுதி ஒட்டி அனுப்பினார்கள். அன்றிலிருந்து பெயர் வரிசையும் படத்தின் ஓர் அங்கமாயிற்று.

ஆனால் இந்த யோசனை 1955இல்தான் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். புரட்சிக்குப் பிந்திய ரஷ்யாவில், 1922இல், டிசிகா வெர்த்தோவ் எடுத்த ‘கினோ-பிராவ்தா’ செய்திப் படங்களுக்கு அலெக்சாந்தர் ரோட்சென்கோ என்ற ஓவியர் எழுத்து அட்டைகள் அமைத்தார். பேசாத படக் காலம் அது. எழுத்துத்தான் படத்தின் குரல். அந்தக் குரல் எங்கே உரக்கப் பேச வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்பதை எழுத்தின் பருமனாலும் இடத்தாலும் அவர் காட்டினார்.

அதே நாட்டில் ஸ்டென்பர்க் சகோதரர்கள் என்று இருவர் இருந்தார்கள். 1923 முதல் பத்து ஆண்டுகளில் சுமார் 300 சினிமாச் சுவரொட்டிகள் செய்தவர்கள். புகைப்படத்தைப் பெரிய அளவில் நன்றாக அச்சடிக்க அப்போது அங்கே வசதி இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? படச்சுருளின் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு கருவியைத் தாங்களே செய்து, விழுந்த பிம்பத்தைப் பார்த்துக் கையால் வரைந்தார்கள். கைவசம் சாதனம் இல்லாததே புதிய முறைக்கு வழி காட்டிற்று. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சிந்தாதிரிப்பேட்டைக்கு வரும்போது மறுபடியும் இது வரும்.

நம் நாட்டில் வழி காட்டியவர் கல்கத்தாவின் சத்யஜித் ராய். அவர் 1943இல் டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும்போதுதான் அந்தக் கதை அவர் மனத்தில் சினிமாவாக உருக்கொண்டது. படம் வெளிவந்ததும் அதே 1955இல்தான். பிறகு தம் படங்களின் சுவரொட்டியையும் பெயர் எழுத்தையும் தாமே வரைந்தார். ஓவியர் படத்துக்கு வெளியே நின்று விளம்பரம் செய்பவர் என்ற நிலை போய், படத்தின் உள்ளேயே நுழைந்துவிட்டார்.

மயிலாப்பூரில் படித்த சித்திரக்காரர்

கல்கத்தாவுக்கு ராய் என்றால் சென்னைக்கு யார்? இதே மயிலாப்பூரில் படித்த ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர் பாப்பு. முழுப்பெயர் சத்திராஜு லட்சுமிநாராயணா. 1933இல் ஆந்திரத்தின் நரசாபுரத்தில் பிறந்தவர். இங்கே பி.எஸ். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதுதான் முள்ளப்பூடி வெங்கட ரமணா என்ற பையன் அவருக்கு நண்பனானான். ஒருவர் வரைவார், மற்றவர் எழுதுவார். 2011இல் ரமணா இறக்கும்வரை அந்தக் கூட்டு நீடித்தது. தெலுங்கு நாட்டில் இருவர் பெயரையும் ஒரே பெயர் போலச் சேர்த்தே சொல்லுவார்கள்.

பாப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றது 1955இல். அந்த ஆண்டு மறுபடியும் வருகிறது, பாருங்கள்! வக்கீல் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொள்ளாமல் அதே ஆண்டில் ‘ஆந்திர பத்திரிகா’வில் கேலிச் சித்திரக்காரராகச் சேர்ந்தார். விளம்பர நிறுவனங்களிலும் வேலை பார்த்தார். புத்தகங்களுக்கு மேலட்டை வரைந்தார். தம் குரு என்று அவர் போற்றியது நம் தஞ்சாவூர்க்காரரான கோபுலுவை. ‘தில்லானா மோகனாம்பாள்’ ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் அவர்தான். 1968இல் அது சினிமாவாக வருவதற்கு முன்பே, வாசகர் கண்ணில் மோகனாம்பாளையும் சிக்கல் சண்முகசுந்தரத்தையும் நடமாட விட்டது கோபுலுவின் கோடு.

பத்திரிகைச் சித்திரக்காரரிடம் சினிமாவுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி எழுகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பத்திரிகைக் காகிதம் மட்டமானது. மை ஒரே கறுப்பு. நுணுக்கமாக நிழலும் ஒளியும் போட்டால் அச்சில் எல்லாம் சேர்ந்து அப்பிக் கொள்ளும். ஆகவே சித்திரக்காரர் தேவையில்லாத கோட்டை எல்லாம் தள்ளிவிட்டு, தேவையான கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளப் பழகுகிறார். ஒரு பெண் குனிந்து கோலம் போடுகிறாள் என்றால் முதுகின் வளைவு ஒரு கோடு, தொங்கும் பின்னல் ஒரு கோடு, அவ்வளவுதான். பார்ப்பவர் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். வறுமையான காகிதம் கற்றுக்கொடுத்த சிக்கனம் இது.

இந்தச் சிக்கனம் சுவரொட்டிக்கு எவ்வளவு பொருத்தம்! சுவரொட்டியை யாரும் நின்று படிப்பதில்லை. பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பார்கள், சைக்கிளிலிருந்து பார்ப்பார்கள். மூன்று விநாடிக்குள் அது சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க வேண்டும். அன்றைய வழக்கமான சுவரொட்டியிலோ கதாநாயகன் முகம், கதாநாயகி முகம், வில்லன் முகம், நகைச்சுவை நடிகர் முகம், மூலையில் ஒரு சண்டை, இன்னொரு மூலையில் ஒரு நடனம் என்று கல்யாண வீட்டுப் பந்தி போல நெருக்கி உட்கார்த்திவைப்பார்கள். யாருக்கு எவ்வளவு சம்பளமோ அந்த அளவுக்கு முகம் பெரிசாகும். கதை எங்கே என்று தேட வேண்டும். ஒரே கோட்டில் கதையைச் சொல்கிற சித்திரக்காரர் அங்கே வந்தபோது, சுவரில் மூச்சு விட இடம் பிறந்தது.

பாப்பு 1967இல் தம் முதல் படமான ‘சாட்சி’யை எடுத்தார். அதன் கதை நமக்குப் பிடித்த கதை. ஆற்றில் மக்களை அக்கரை சேர்க்கும் ஓர் ஏழைத் தொழிலாளி, ஊரே அஞ்சுகிற ஒரு முரடன் செய்த கொலைக்குச் சாட்சி சொல்லிவிடுகிறான். பிறகு ஊர் அவனைக் கைவிட்டுவிடுகிறது. கோடம்பாக்கத்தில் செட் போடாமல், கோதாவரிப் பக்கத்துக் கிராமத்துக்கே போய், குறைந்த செலவில் எடுத்தார்கள். காமிரா முன்னால் நடக்க வேண்டிய ஒவ்வொரு காட்சியையும் சித்திரமாக வரைந்துவைத்துக்கொண்டு படமெடுப்பது அவர் வழக்கம். இதில் உழைப்பாளிக்கு உள்ள லாபம் என்ன? மறுநாள் என்ன வேலை என்பது விளக்குப் பிடிப்பவருக்கும் தள்ளுவண்டி தள்ளுபவருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். வெயிலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

படத்தின் பெயரை அவர் அச்சு எழுத்தில் போடவில்லை. தம் கையெழுத்தில் போட்டார். தெலுங்கு எழுத்தின் வளைவுகள் அவர் தூரிகையில் கிராமத்து மனிதர் பேசுவதுபோல் நெளிந்து நடக்கும். அந்தக் கையெழுத்து மக்களுக்கு அவ்வளவு பழகிப்போய், பிற்காலத்தில் கணினி எழுத்துருவாகவே வந்து, இன்று கல்யாணப் பத்திரிகைகளில்கூட ஓடுகிறது. ஒரு மனிதனின் கை ஒரு மொழியின் எழுத்துக்கே புது உருவம் தந்தது என்பது சாமானிய விஷயமல்ல.

‘சாட்சி’யின் விளம்பரத்தோடு தனித்து வேலை தொடங்கியவர் பாலகொல்லுவிலிருந்து வந்த ஈஸ்வர் என்ற ஓவியர். 2021இல் இறக்கும்வரை சென்னையிலேயே வாழ்ந்து, தென்னாட்டு மொழிப் படங்களுக்கு ஆயிரக்கணக்கில் சுவரொட்டி அமைத்தவர் அவர். ஒருவர் கைப்பழக்கம் இன்னொருவருக்குப் போகிறது. அங்கிருந்து தெருவுக்கு வருகிறது. கலையில் செல்வாக்கு என்று சொல்வது இதைத்தான்.

1975இல் பாப்பு எடுத்த ‘முத்யால முக்கு’வுக்கு ஒளிப்பதிவு செய்து தேசிய விருது பெற்றவர் இஷான் ஆர்யா. பிரிவினையின் வேதனையைச் சொன்ன ‘கரம் ஹவா’ படத்துக்கும் காமிரா பிடித்தவர் அவரே. முத்துக்கோலம் என்பது படத்தின் பெயர். சித்திரக்காரரின் கோட்டைக் காமிராக்காரர் ஒளியால் இழுத்துக் காட்டினார். பாப்பு எடுத்த படங்களில் பல இராமாயணத்தைச் சுற்றி வந்தவை. அந்தக் கதைகளில் நமக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் இருக்கலாம். ஆனால் கொல்லன் செய்த அரிவாள் நன்றாக இருந்தால், அவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று விசாரித்துவிட்டா நாம் அறுப்புக்குப் போகிறோம்? தொழில் நேர்மையை நாம் மதிக்கிறோம். 2014 ஆகஸ்டு 31ஆம் தேதி பாப்பு சென்னையில் காலமானார்.

சதுரத்துக்குச் சதுரம்

இதுவரை பெயர் தெரிந்தவர்களைப் பற்றிச் சொன்னோம். இனிப் பெயர் தெரியாதவர்களிடம் வருவோம். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சையே எடுத்தோம்.

சித்திரக்காரர் வரைந்தது ஒரு முழக் காகிதத்தில். அது ஊர் ஊராகப் போக வேண்டுமானால் லித்தோ அச்சுக்குப் போக வேண்டும். முற்காலத்தில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனியாகத் தகட்டில் கையால் எழுதினார்கள். மஞ்சளில் அரை அங்குலம் பிசகினால் கதாநாயகிக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். சிவகாசியில் அச்சாகி, கட்டுக் கட்டாக ரயிலேறி, பாதி ராத்திரியில் வாளியும் தென்னமட்டை பிரஷ்ஷும் ஏந்திய ஓர் உழைப்பாளியின் தோளில் வந்து இறங்கும். விடிவதற்குள் அவர் ஒட்டி முடிக்க வேண்டும்.

இதைவிடக் கடினமானது பேனர் வேலை. மவுண்ட் ரோடில் நின்ற பிரம்மாண்டமான பேனர்களும் கட்-அவுட்களும் சிந்தாதிரிப்பேட்டை, ராயப்பேட்டை, கோடம்பாக்கம் பக்கத்துக் கொட்டடிகளில் பிறந்தவை. 1957இல் ‘வணங்காமுடி’ படத்துக்காகச் சித்ரா டாக்கீஸ் முன்னால் சிவாஜி கணேசனுக்கு 80 அடிக் கட்-அவுட் நிறுத்தியதை அந்தக் காலத்தவர் இன்றும் சொல்லுவார்கள். மோகன் ஆர்ட்ஸ் செய்த வேலை அது.

எப்படிச் செய்தார்கள்? ஒரு சாண் அகலப் புகைப்படத்தில் பென்சிலால் சதுரம் சதுரமாகக் கோடு போடுவார்கள். மரச் சட்டத்தில் துணியை இழுத்து ஆணியடித்து, வெள்ளை பூசிக் காயவைத்து, வர்ணப் பொடி தோய்த்த நூலைச் சுண்டி அதிலும் அதே எண்ணிக்கையில் பெரிய சதுரங்கள் போடுவார்கள். பிறகு சிறு சதுரத்தில் உள்ளதைப் பெரிய சதுரத்துக்கு மாற்ற வேண்டும். ஸ்டென்பர்க் சகோதரர்கள் கருவி வைத்துப் பெரிதாக்கினார்கள் என்றோமே, நம் ஆட்கள் கருவியும் இல்லாமல் கண்ணையும் நூலையும் வைத்துப் பெரிதாக்கினார்கள். சாரத்தில் நின்று வரைகிறவருக்குத் தாம் வரைவது கண்ணா காதா என்று தெரியாது. இறங்கி வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். மேஸ்திரி முகத்தை வரைவார். சீடப் பையன்கள் சட்டையையும் ஆகாயத்தையும் எழுத்தையும் நிரப்புவார்கள். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் முகத்தில் அந்த ரோஜா நிறமும் நீல நிழலும்.

படம் ஓடி முடிந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? பேனர் கொட்டடிக்குத் திரும்பும். அதன்மேல் மறுபடி வெள்ளை பூசி அடுத்த படத்தை வரைவார்கள். ஒரு மனிதன் ஆயுள் முழுதும் செய்த வேலையில் ஒரு முழத் துணிகூட மிச்சமில்லை! வடக்கே பம்பாயில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்த எம்.எஃப். உசேன் பிறகு உலகப் புகழ் பெற்றார். சாரத்திலிருந்து இறங்கி அப்படிப் புகழேறியவர் ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்கள் வர்ணத்தோடு வர்ணமாகக் கரைந்துபோனார்கள்.

பேனர் இறங்கியது, வேலையும் இறங்கியது

1990களின் பிற்பகுதியிலிருந்து கணினியில் அச்சடிக்கும் பிளாஸ்டிக் பேனர் வந்தது. பத்துப் பேர் பல நாள் செய்த வேலையை ஓர் இயந்திரம் சில மணி நேரத்தில் துப்பிவிட்டது. 2008இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டிச் சென்னையில் விளம்பரப் பலகைகள் இறக்கப்பட்டன. தூரிகைக்காரருக்கு இருந்த மிச்ச வேலையும் போயிற்று. 2009இல் மாநகராட்சி அண்ணா சாலையில் சுவரொட்டி ஒட்டத் தடை போட்டு, சுவர்களில் தமிழ்நாட்டுப் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்ட வைத்தபோது, வேலையிழந்த பேனர் ஓவியர் சிலருக்குக் கொஞ்ச காலம் கூலி கிடைத்தது. அதுவும் முடிந்தது.

பலகை இறங்கியது தவறு என்று நாம் சொல்லவில்லை. ரோட்டை அடைத்து நிற்கும் பேனர் ஆளையும் கொல்லும். 2019இல் பள்ளிக்கரணையில், திருமணம் ஒன்றுக்காகக் கட்டிய பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் வந்த இளம் பெண் லாரிச் சக்கரத்தில் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். தெருவைச் சீர்திருத்தியபோது, அந்தத் தெருவையே நம்பி வாழ்ந்த தொழிலாளிக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்? ஆலையை மூடினால் நஷ்ட ஈடு கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. பேனர் கொட்டடி மூடினால்? மஸ்டர் ரோல் கிடையாது. பிராவிடண்டு பண்டு கிடையாது. செய்த வேலைக்குச் சாட்சியாக ஒரு கையெழுத்துக்கூடக் கிடையாது.

மயிலாப்பூரின் கபாலி டாக்கீஸும், லஸ்ஸின் காமதேனுவும், தியாகராய நகரின் ராஜகுமாரியும் இன்று இல்லை. அவற்றின் வாசலில் நின்ற சித்திரங்களும் இல்லை. இப்போது கைபேசியில் படம் பார்க்கிறோம். பெயர் வரிசை தொடங்கியதும் அதைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். 1955இல் விலக்கிய திரைச்சீலையை மறுபடியும் மூடிவிட்டார்கள், தோழர்களே!

நாம் செய்யக் கூடியது

முதலாவது, பெயர். திரையில் பெயர் வருவது தற்பெருமை அல்ல. இந்த வேலையை நான் செய்தேன் என்பதற்கு அது ரசீது. இந்தச் சென்னையிலேயே நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும் சினிமாத் தொழிலாளரைச் சங்கமாக்கப் பாடுபட்டார்கள். தொழிலாளி வாழ்க்கையைச் சொன்ன ‘பாதை தெரியுது பார்’ படத்தை 1960இல் தந்தவர்களும் இவர்கள்தான். ஒருவர் இயக்கினார், மற்றவர் இசையமைத்தார். காமிராவுக்குப் பின்னால் நிற்பவனும் உழைப்பாளியே என்று அவர்கள் சொன்னதைச் சுவருக்குப் பின்னால் நிற்பவனுக்கும் விரிக்க வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. பழைய சுவரொட்டி, பாட்டுப் புத்தகம், பேனர் கொட்டடியின் புகைப்படம் யார் வீட்டுப் பரணில் இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். அந்த வேலை செய்த பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள்.

மூன்றாவது, நம் சொந்தச் சுவரொட்டி. சங்கக் கூட்டத்துக்கு நாம் அடிக்கும் நோட்டீசைப் பாருங்கள். இருபது பெயர், பதினைந்து கோரிக்கை, ஓர் அங்குல இடம்கூட விடாமல் எழுத்து. சம்பள வரிசைப்படி முகம் போட்ட சினிமாக்காரரைக் கேலி செய்தோமே, பதவி வரிசைப்படி பெயர் போடுகிற நாம் எதில் உயர்த்தி? கூலி உயர்வு கேட்கிற கூட்டம் என்றால் அதை ஒரே கோட்டில் சொல்ல வேண்டும். சைக்கிளில் போகிற தொழிலாளி மூன்று விநாடியில் புரிந்துகொள்ள வேண்டும். நம்மிடையே வரையத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் தூரிகையைக் கொடுங்கள். முடிந்தால், சும்மா இருக்கும் பேனர் மேஸ்திரி ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிவந்து சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். சுவரொட்டியின் மூலையில் அவர் பெயரையும் போடுங்கள்.

மெரினாவில் நால்வர் பாறையை நெம்புகிற உழைப்பாளர் சிலை இருக்கிறது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959 முதல் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிற்கிறது. வெண்கலம் நிற்கும், துணியில் தீட்டியது நிற்காது. ஆகவே துணியில் தீட்டியவர்களை நிற்கவைக்கும் பொறுப்பு நம்முடையது. அடுத்த தடவை படம் பார்க்கும்போது எழுத்துத்தானே ஓடுகிறது என்று எழுந்து போகாதீர்கள். அந்தப் பொத்தானை அமுக்காதீர்கள். உட்கார்ந்து கடைசிப் பெயர்வரை படியுங்கள். அது நம் ஆட்களின் வருகைப் பதிவேடு.